சென்னை எவ்வளவு தொலைவு?



நம் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்து முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம், “சென்னை எவ்வளவு தூரம்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏழு நாள்” என்பார். உங்கள் அண்ணனிடமோ அக்காளிடமோ அதே வினாவைக் கேட்டால், “நாலு மணி நேரம்” என்பார். கிலோமீட்டர்க் கணக்கில் விடை கூறுபவர் அரியர். வழியின் நீளத்தை நேரத்தால் அளப்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். இருவர் கூறுவதும் உண்மையே. இடையில் கடல் சுருங்கிவிடவில்லை; கடக்கும் ஊர்திதான் மாறிற்று. முதலில் தொலைவு என்ன என்பதை நாமே அளந்து அறிவோம். அதன் பின்னர் நேரத்தைப் பற்றிக் காண்போம்.

இதற்கு உலக உருண்டை ஒன்றும் நீண்ட நூல் ஒன்றும் போதும். பள்ளியில் உள்ள உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதன் நடுவயிற்றைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தால் ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் வரும். உண்மையான பூமியின் சுற்றளவோ ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே அந்த உருண்டையின் மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியின் மேல் 425 கிலோமீட்டருக்குச் சமம். இப்போது நூலின் ஒரு முனையைக் கோலாலம்பூருக்குச் சற்றுத் தெற்கே, சிப்பாங் விமான நிலையம் இருக்கும் இடத்தில் வையுங்கள். மறுமுனையைச் சென்னையில் வைத்து, நூல் தளராமல் இழுத்துப் பிடியுங்கள். நூலின் நீளம் 6.2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 6.2ஐ 425ஆல் பெருக்கினால் 2,635. சிப்பாங்கிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரையுள்ள நேர் தொலைவைக் கணித முறைப்படி நுட்பமாகக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டரே வருகிறது. ஒரு நூலைக் கொண்டு இவ்வளவு சரியாக அளக்க முடிவது வியப்பன்றோ!

“சுவரில் தொங்கும் படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் ஆகாதா?” என்று சிலர் கேட்கலாம். சென்னைக்கு ஆகும், பெரும்பிழை நேராது. ஆனால் நியூயார்க்கிற்கு ஆகாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவத்தை நெருங்கிய நிலங்கள் பெரிதும் இழுபட்டுவிடுகின்றன. கோலாலம்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பாருங்கள். அது வட துருவத்தின் அருகே சென்று இறங்கும். சுவர்ப்படத்தைப் பார்த்து இதனை ஒருவரும் ஊகிக்க இயலாது.

இனி, சென்னைக்குப் பிடித்த நூல் எவ்வழியே செல்கிறது என்று உற்று நோக்குங்கள். சிப்பாங்கிலிருந்து புறப்பட்டவுடன் அது கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி மலாக்கா நீரிணையைத் தொடுகிறது. அங்கிருந்து வடமேற்காகச் சென்று, சுமத்திராவின் வடகோடிக்கும் பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்கும் இடையே வங்காள விரிகுடாவில் நுழைகிறது. பிறகு சென்னை வரையில் வெறும் கடல்தான். விமானங்கள் நாள்தோறும் இந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. வான்வழிக் கட்டுப்பாட்டாளர் காட்டும் வழியில் சற்று விலகியும் செல்லும். எனினும் நம் முன்னோரின் கப்பல்கள் சென்ற வழியும் ஏறத்தாழ இதுவேயாகும். கிள்ளான் துறைமுகத்தை விட்டுப் பினாங்கைத் தொட்டு, சுமத்திராவின் வடமுனையைக் கடந்து, நாகப்பட்டினத்தையும் சென்னையையும் அவை அடைந்தன. மேலே விமானமும் கீழே கப்பலும் ஒரே வாயில் வழியாகத்தான் வங்கக் கடலுக்குள் புகுகின்றன எனலாம்.

இவ்வழியின் பழமை பெரிது. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வந்ததைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. பாய்மரக் காலத்தில் காற்றே எஞ்சின். தென்மேற்குப் பருவக் காற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து இங்கு வருவர். வடகிழக்குப் பருவக் காற்றில் திரும்புவர். காற்று மாறும் வரையில் வந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும். போய் வருவதற்கு ஓராண்டு ஆனதென்றால் அதில் பெரும்பகுதி பயணமன்று, காத்திருத்தலே.

நீராவிக் கப்பல் வந்த பிறகு காற்றுக்குக் காத்திருக்கும் தேவை அற்றுப்போயிற்று. நம் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொணர்ந்த கப்பல்களுள் ‘ரஜுலா’வின் பெயரைக் கேளாத தோட்டத்து வீடு இருந்திராது. 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற அக்கப்பல், 1970களின் தொடக்கம் வரையில் சென்னைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அரை நூற்றாண்டிற்குச் சற்றே குறைந்த காலம்! அறைகளில் பயணம் செய்தோர் சிலர். மேல்தட்டிலும் கீழ்த்தட்டுகளிலும் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து வந்தோரே பலர். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்று அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா) ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பலருடைய குடும்பக் கதை, 1972இல் பெயர் மாறும் வரையில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் இருந்தே தொடங்குகிறது.

கடலில் தொலைவைக் கடல் மைலால் அளப்பர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகத்திற்கு ‘நாட்’ என்று பெயர். கணக்கிற்காகக் கிள்ளானிலிருந்து பினாங்கு வழியாகச் சென்னைக்கு 1,500 கடல் மைல் என்றும், கப்பலின் வேகம் 12 நாட் என்றும் வைத்துக்கொள்வோம். 1,500ஐ 12ஆல் வகுத்தால் 125 மணி. அதாவது ஐந்து நாளும் ஐந்து மணியும். பினாங்கில் ஆளும் சரக்கும் ஏற்றும் நேரம், நாகப்பட்டினத்தில் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுப் படகுகளில் ஆட்களை இறக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் பெரியவர் சொன்ன ஏழு நாள் வந்துவிடுகிறது. 12 நாட் என்பது மணிக்கு 22 கிலோமீட்டர். மிதிவண்டியை மூச்சுப் பிடித்து மிதிக்கும் பையனின் வேகம் அது. அவ்வளவு பெரிய கப்பல் அவ்வளவு மெதுவாகவா சென்றது என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் கப்பல் இரவும் பகலும் நில்லாமல் செல்லும். பையனால் அது முடியாது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைக் கூறாமல் மேலே செல்ல மனம் இடந்தரவில்லை. ஊரிலுள்ள தாயார் இறந்துபோனார் என்று தோட்டத்திற்குத் தந்தி வருகிறது. மகன் அன்றே புறப்பட எண்ணினாலும் கப்பல் நாள்தோறும் கிடைப்பதன்று. கையில் பணம் திரட்ட வேண்டும். விடுப்புக் கேட்க வேண்டும். சீட்டுப் பெற வேண்டும். அடுத்த கப்பல் எட்டாம் நாள் என்று கொள்வோம். கடலில் ஏழு நாள். இறங்கிய இடத்திலிருந்து ஊர் போய்ச் சேர ஒரு நாள். எட்டும் ஏழும் ஒன்றும் பதினாறு. தாயின் முகத்தைக் காண்பதற்கு வழியே இல்லை. எல்லாம் தடங்கலின்றி நடந்தால் பதினாறாம் நாள் காரியத்திற்குப் போய்ச் சேரலாம்; ஒரு நாள் தவறினால் அதுவும் இல்லை. ஆகையால்தான் பலர் போகாமலே இருந்துவிட்டனர். தோட்டத்து ஆற்றங்கரையில் தலைமுழுகி, பிண்டம் வைத்து, மறுநாள் வேலைக்காட்டுக்குச் சென்றவர்கள் அவர்கள். வேகத்தைக் கணக்குப் பாடமாகப் படிக்கும்போது, அதற்குள் இத்தகைய நாட்களும் அடங்கியிருப்பதை உணர்ந்து படிக்க வேண்டும்.

ரஜுலாவிற்குப் பின் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் இதே வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது கடலில் தீப்பற்றியது. உயிர்கள் பல மாண்டன. அதனோடு சென்னைக்கும் நம் நாட்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பயணிகள் கப்பல் வழக்கம் முடிந்தது. விமானம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டதே, பின் ஏன் 1985 வரையிலும் மக்கள் கப்பலில் சென்றனர்? விமானச் சீட்டின் விலைதான் காரணம். நாட்கூலி வாங்கும் குடும்பத்திற்கு ஏழு நாளைச் செலவிடுவது எளிது. அத்தனை வெள்ளியைச் செலவிடுவது அரிது. மூட்டை முடிச்சுகளையும் கப்பலில் தாராளமாகக் கொண்டுபோகலாம். எனவே ஓர் ஊர்தி கண்டுபிடிக்கப்பட்ட நாளும், அது எளியவர்க்கு எட்டிய நாளும் ஒன்றல்ல.

இனி விமானத்தைப் பார்ப்போம். கோலாலம்பூரின் விமான நிலையம் முதலில் சுங்கை பீசியில் இருந்தது. 1965இல் சுபாங்கிற்கும், 1998இல் சிப்பாங்கிற்கும் பெயர்ந்தது. சுபாங் நமக்கு அருகில் இருந்தது. சிப்பாங்கோ கோலசிலாங்கூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

சென்னைக்குச் செல்லும் நடுத்தர ஜெட் விமானம், உயரத்தை அடைந்த பின் மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். நிமிடத்திற்கு 14 கிலோமீட்டர். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் வரையுள்ள வழியை அது மூன்றே நிமிடத்தில் கடந்துவிடும். 2,630ஐ 840ஆல் வகுத்தால் மூன்று மணியும் எட்டு நிமிடமும் வருகிறது. ஆனால் சீட்டில் ஏறக்குறைய நான்கு மணி என்றல்லவா அச்சிட்டிருக்கிறார்கள்? மீதி ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று?

கணக்கில் பிழையில்லை. சீட்டிலுள்ள நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, அங்கே சென்னையில் தன் நிற்குமிடத்தில் நின்று ஓயும் வரையில் உள்ள நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை பொறுக்க வேண்டும். மேலே ஏறும்போதும், இறங்குவதற்காகத் தாழும்போதும் முழு வேகம் கிடையாது. இறங்கும் திசைக்கேற்ப ஊரைச் சுற்றி வரவும் நேரும். பள்ளிக்குப் பேருந்தில் வருவோர் இதனை எளிதில் அறிவர். சாலையில் பேருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும், 30 கிலோமீட்டரை அரை மணியில் கடப்பதில்லையே!

காற்றுக்கும் இதில் பங்குண்டு. சூன் முதல் செப்டம்பர் வரையில் வங்கக் கடலின் மேற்பரப்பில் தென்மேற்குக் காற்று வீசும். ஆனால் விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், தென்னிந்தியாவின் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடுங்காற்று வீசுகிறது. கீழே ஒரு திசை, மேலே எதிர்த்திசை! அம்மாதங்களில் சென்னைக்குச் செல்லும் விமானத்தை அக்காற்று பின்னின்று தள்ளும். திரும்பும் விமானத்தை எதிர்க்கும். பாய்மரக் கப்பலுக்கு வேண்டியதாயிருந்த காற்று, வேறு உருவில் விமானத்திற்கும் வேண்டியதாகவே உள்ளது.

மாணவர்களைப் பெரிதும் குழப்புவது கடிகாரம். காலை 9.00 மணிக்குச் சிப்பாங்கில் புறப்படும் விமானம் சென்னையில் காலை 10.30க்கு இறங்குகிறது என்று கொள்வோம். ஒன்றரை மணி நேரந்தான் ஆயிற்றா? அதே விமானம் சென்னையில் பகல் 11.30க்குப் புறப்பட்டுச் சிப்பாங்கில் மாலை 6.00 மணிக்கு இறங்குகிறது. இப்போது ஆறரை மணி நேரமா? போகும்போது பறந்த விமானம் திரும்பும்போது தவழ்ந்ததா?

மலேசிய நேரம் கிரீனிச் நேரத்திற்கு 8 மணி முந்தியது. இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. இரண்டிற்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு. சிப்பாங்கில் 9.00 மணிக்குக் கிளம்பிய விமானம் நான்கு மணி நேரம் பறந்து, நம் கடிகாரத்தில் 1.00 மணிக்குச் சேர்கிறது. அப்போது சென்னைக் கடிகாரத்தில் 10.30. அவ்வளவே. வேறுபாடு என்னவென்று அறியாமலே விடை காணவும் ஒரு வழி உண்டு. கடிகாரம் காட்டும் போக்கு நேரத்தையும் வரத்து நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: ஒன்றரையும் ஆறரையும் எட்டு, பாதி நான்கு. அது பயண நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: ஐந்தில் பாதி இரண்டரை. அது கடிகார வேறுபாடு. போக்கும் வரத்தும் ஏறத்தாழச் சம நேரமாக இருக்கும் எந்த இரு நகருக்கும் இது பொருந்தும்.

பழைய பயணிகள் “நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி வித்தியாசம்” என்று கூறக் கேட்டால் நகையாட வேண்டா. அவர்கள் காலத்தில் அதுவே உண்மை. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. 1905 முதல் கிரீனிச்சுக்கு 7 மணி முந்தியும், 1933 முதல் 7 மணி 20 நிமிடம் முந்தியும், 1941 முதல் ஏழரை மணி முந்தியும் இருந்தது. சப்பானியர் ஆண்டபோது தோக்கியோ நேரமே இங்கும் நடந்தது. அது 9 மணி முந்தியது. 1945இல் மீண்டும் ஏழரை. இறுதியாக, சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்கும் பொருட்டு, 1981 திசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்குக் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் தள்ளப்பட்டன. அவ்வாண்டின் கடைசி அரைமணி நேரம் இங்கே நிகழவே இல்லை!

இவையெல்லாம் மனிதர் வகுத்தவை. கதிரவன் என்ன சொல்கிறான்? பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது; ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோலசிலாங்கூர் கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 101¼ பாகையிலும், சென்னை 80¼ பாகையிலும் உள்ளன. வேறுபாடு 21 பாகை. 21ஐ 4ஆல் பெருக்க 84 நிமிடம். நம் தலைக்கு மேல் உச்சிக்கு வந்த கதிரவன் சென்னையின் உச்சிக்குச் செல்ல 84 நிமிடம் ஆகிறது. கடிகாரமோ 150 நிமிடம் என்கிறது. மிகுந்த 66 நிமிடமும் சட்டத்தால் வந்தது. இதனை நீங்களே சோதிக்கலாம். பள்ளித் திடலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்து வாருங்கள். அது 12 மணிக்கு நேராது, 1.15ஐ ஒட்டியே நேரும். காலம் பார்த்து, 1.00க்கும் 1.30க்கும் இடையே அது சற்று முன்பின்னாகும்.

மீண்டும் பயணத்திற்கு வருவோம். “நாலு மணி நேரம்” என்பது விமானம் பயணம் செய்த நேரமே. மனிதர் பயணம் செய்த நேரம் அன்று. கோலசிலாங்கூரிலிருந்து சிப்பாங்கிற்கு ஒன்றரை மணி. வெளிநாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் நான்கு. மீனம்பாக்கத்தில் குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி. உறவினர் நாகப்பட்டினத்தின் பக்கம் இருந்தால் சாலை வழியே மேலும் 300 கிலோமீட்டர், ஆறரை மணி. ஆகமொத்தம் பதினாறு. கப்பற்காலத்து மகனுக்குப் பதினாறு நாள் ஆன வழி, இன்று பதினாறு மணி. தாயார் காலையில் இறந்தார் என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்தால், சீட்டுக் கிடைக்குமாயின், மறுநாள் அடக்கத்திற்குப் போய் நிற்கலாம். எனினும் இந்தப் பதினாறு மணியில் வானில் கழிவது நான்கே. விமானத்தை இன்னும் வேகமாக ஆக்கினாலும் மிச்சமாவது சிறிதே. ஊருக்கு அருகில் இறங்கும் விமானமே நேரத்தை மிச்சப்படுத்தும். திருச்சிராப்பள்ளிக்குக் கோலாலம்பூரிலிருந்து நேரே விமானம் செல்வதால் தஞ்சை, புதுக்கோட்டை பக்கத்து உறவுடையோர் அதனையே விரும்புகின்றனர்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு புதிரும் உண்டு. சென்னையிலிருந்து அது சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், கடலை விட்டு உள்நாட்டில் இருக்கிறது. அப்படியானால் கோலாலம்பூரிலிருந்து அது 2,900 கிலோமீட்டர் இருக்க வேண்டுமல்லவா? இல்லை, ஏறக்குறைய 2,690 கிலோமீட்டரே. சென்னையை விட 60 கிலோமீட்டர்தான் கூடுதல். காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. நூலை எடுத்து உருண்டையின் மேல் மூன்று நகர்களையும் இணைத்து, சென்னைக்கும் திருச்சிக்கும் எது வடக்கு, எது தெற்கு என்று பாருங்கள்.

அதனோடு இக்கணக்கையும் செய்க. சிப்பாங்கில் இரவு 9.45க்குப் புறப்பட்ட விமானம், திருச்சியில் அந்நாட்டு நேரப்படி இரவு 11.20க்கு இறங்குகிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்று மீண்டும் புறப்பட்டு, போன அளவு நேரத்திலேயே திரும்பினால், சிப்பாங்கில் இறங்கும்போது நம் கடிகாரத்தில் மணி என்ன? 1981ஆம் ஆண்டாக இருந்திருந்தால் மணி என்ன? இரண்டு விடைகளையும் எழுதி வகுப்பாசிரியரிடம் காட்டுக.